பூமயில் இருக்கையில் மத்து எதற்கு

மேற்கே மலையும் கிழக்கே ரயில் பாதையும் நெருக்க, நடுவில் கிடைத்த இடத்தில் ஒருக்களித்துக் கிடக்கிற நெடுங்கல் என்ற ஊரில், பால் சொசைட்டித் தெருவில், பங்குனி மாதத்துக் காலை ஒன்றில், பூமயில் அடுப்பங்கரைக்குள் நுழைந்ததும் குடத்துத் தண்ணீர் நடுங்கத் தொடங்கியது. ரயில் போகிறது என்று அவள் நினைத்தாள். ரயில் போனால் அந்தத் தெருவில் எல்லா வீட்டுத் தண்ணீரும் ஆடும், போனதும் அடங்கிவிடும்; அன்றைக்கு ரயிலும் போகவில்லை, தண்ணீரும் அடங்கவில்லை. நடுவிலிருந்து விளிம்புக்கு வளையம் வளையமாக ஓடி, விளிம்பில் முட்டி, மறுபடி நடுவுக்கே திரும்பி வந்தது. அவள் பின்வாசலுக்குப் போனால் குடம் அடங்கி வாளி ஆடியது. வாளியை விட்டு வந்தால் வாளி அடங்கி காபி டம்ளர் ஆடியது. பூமயில் நெஞ்சில் கை வைத்துப் பார்த்தாள். உள்ளே, பல காலமாக அவளுக்கு மட்டும் தெரிந்திருந்த அந்தப் படபடப்பு, தண்ணீர் ஆடிய அதே தாளத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

அது எப்போது வந்தது என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. கல்யாணத்துக்கு முன்பும் இருந்ததா, மகள் மதிவதனி பிறந்த பிறகு வந்ததா, அவள் நர்சிங் படிக்கக் கோயம்புத்தூர் போன பிறகு கூடியதா, எதுவும் நினைவில்லை. வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய் பூட்டினோமா என்று திரும்பி வருவாள். சிலிண்டரை மூடிவிட்டு மூடினோமா என்று மோந்து பார்ப்பாள். போன் அடித்தால் பயம், வெகுநேரம் அடிக்காவிட்டாலும் பயம். பஸ் ஓட்டுகிற புருஷன் கோமதிநாயகம் வாசலில் செருப்பைக் கழற்றுகிற சத்தம் கேட்டதும் அப்பாடா என்று இருக்கும், அந்த அப்பாடா முடிவதற்குள் நாளைக்கு அவன் மறுபடி போக வேண்டுமே என்று இருக்கும். இத்தனையும் உள்ளுக்குள் இருந்தவரை ஒருவருக்கும் இடைஞ்சல் இல்லை. பாத்திரம் நிறைந்தால் வழியும். அது வழிந்துவிட்டது, அவ்வளவுதான்.

அன்றைக்குக் காலைக் காபி கோமதிநாயகத்தின் காக்கிச் சட்டையில் சிந்தியது.

“ஏளா, காலை ஆட்டாத. மேஜை ஆடுதுல்லா.”

“நான் ஆட்டல. நெஞ்சு படபடங்குது. அதுதான் மேஜையில தெரியுது.”

கோமதிநாயகம் மேஜையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். “சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போவோம். இப்ப எனக்கு வேற சட்டை எடு” என்றான்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் அவள் கையில் பட்டையைச் சுற்றி, நெஞ்சில் குழாயை வைத்து, எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்று சொன்னார். மேஜையில் வைத்த கருவிதான் நகர்ந்து நகர்ந்து விளிம்புக்குப் போனது, அதை இரண்டு தடவை பிடித்து வைத்தார். சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். “டென்ஷன் ஆகாதீங்கம்மா” என்றார். அந்தச் சொல்லைக் கேட்டதும் ஜன்னல் கண்ணாடி முன்பைவிட வேகமாக அதிர்ந்தது.

தெருவிலும் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். நாவூறு என்றார்கள், உடம்புச் சூடு என்றார்கள், இரண்டாவது பிள்ளை இல்லாததால் என்றார்கள், படித்துவிட்டு வேலைக்குப் போகாததால் என்றார்கள், வேலைக்குப் போகிற பெண்களுக்கும் இதுதான் வருகிறது என்று வேறு சிலர் சொன்னார்கள். மந்திரித்த கயிறு கட்டினார்கள். கயிறும் நடுங்கியது. பிறகு கொஞ்ச நாளில் காரணம் சொல்லுகிற ஆர்வம் எல்லோருக்கும் போய்விட்டது, ஏனென்றால் அதற்குள் வெண்ணெய் திரண்டுவிட்டது.

வெண்ணெயைக் கண்டுபிடித்தது எதிர்வீட்டு ஆவுடையம்மாள். அவள் கோமதிநாயகத்தின் அக்காள், பூமயிலுக்கு மதினி முறை, புருஷனை இழந்தவள், தெருவில் யார் வீட்டுக் கல்யாணம் காதுகுத்து என்றாலும் முதல் ஆளாய் நின்று கடைசி ஆளாய்த் திரும்புகிறவள். உறை ஊற்றக் கேட்ட தயிரைக் கொடுக்க ஒரு செம்போடு வந்தவள், வந்த இடத்தில் பேச்சு நீண்டுபோய், செம்பைப் பூமயிலின் பக்கத்தில் வைத்துவிட்டுப் பேசிக்கொண்டே இருந்தாள். பேசி முடித்துக் குனிந்தால் மோரின் மேல் வெண்ணெய் வெள்ளையாய்க் கூடி மிதந்தது. ஆவுடையம்மாள் விரலால் வழித்து நாக்கில் வைத்தாள். ஆச்சரியப்படவில்லை. “நல்லாத் திரண்டிருக்கு” என்று சொன்னாள். மறுநாள் பானையோடு வந்தாள்.

அதற்குப் பிறகு பால் சொசைட்டித் தெருவில் யாரும் மத்தைத் தொடவில்லை. தயிர்ப்பானைகள் காலையில் பூமயில் வீட்டு வராந்தாவுக்கு வந்தன, மதியத்தில் வெண்ணெயும் மோருமாகத் திரும்பிப் போயின; முருங்கைக் கொத்துகளை அவள் மடிப்பக்கம் வைத்தால் இலைகள் காம்பை விட்டுத் தாமாக உதிர்ந்தன; சல்லடையில் மாவைக் கொட்டி அவளருகே தூக்கிப் பிடித்தால் தானாகச் சலித்து முடிந்தது; வீறிட்டு அழுகிற கைப்பிள்ளைகளை அவள் தோளில் போட்டால், தொட்டிலைவிட நுணுக்கமாக ஆடிய அந்தத் தோளில் அவை எச்சில் வடியத் தூங்கின; தூங்கின பிள்ளையை எடுத்துக்கொண்டு போன தாய்மார்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார்கள், போகிறபோது வாசல் கதவைச் சாத்திவிட்டுப் போனார்கள், காற்று பட்டால் அவளுக்கு நிம்மதியாகிவிடக் கூடாதே என்று. முன்பெல்லாம் அவளைப் பார்த்ததும் கவலைப்படாதே என்று சொல்லிக்கொண்டிருந்தவர்கள் அந்தச் சொல்லை நிறுத்திவிட்டார்கள். சொல்லிப் பலித்துவிட்டால் என்ன செய்வது?

கோமதிநாயகத்துக்கும் பெருமைதான். டிப்போவில் சாப்பாட்டுத் தூக்கைத் திறந்து, “எங்க வீட்டுல மத்தே கிடையாதுல்லா” என்று சொல்லி எல்லோருக்கும் ஒரு கரண்டி நெய் ஊற்றுவான். வீட்டுக்கு வந்தால் கயிற்றுக் கட்டிலை அவளிடமிருந்து தள்ளிப் போட்டுக்கொள்வான். “நாளைக்கு வண்டி ஓட்டணும்ளா, தூக்கம் வேணும்” என்பான். அதுவும் நியாயம்தான் என்று அவளுக்குப் பட்டது.

பூமயிலுக்குத்தான் களைப்பாக இருந்தது. மலையில் விறகுக்கு ஏறி இறங்குகிறவளுக்குக்கூட இறங்கிவிட்டோம் என்று ஓர் இடம் வரும்; இவளுக்கு ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை, வராந்தாவில் கால் நீட்டி உட்கார்ந்த இடத்திலேயே எலும்பெல்லாம் தேய்ந்துகொண்டிருந்தது. கோலம் போட முடியவில்லை, மாவு தரையில் விழுந்ததும் கலைந்து ஓடியது. பொட்டு நெற்றியில் நேராக நிற்கவில்லை. சாம்பாரை அள்ளினால் வாய்க்கு வருவதற்குள் பாதி இறங்கிவிட்டது. எல்லாவற்றையும்விடக் களைப்பாக இருந்தது, வராத ஒன்றுக்காகக் காத்துக்கொண்டே இருப்பது. ஏதோ ஒன்று நடக்கப் போகிறது, எந்நேரமும் வாசலில் வந்து நின்று அவள் பெயரைச் சொல்லப் போகிறது என்று உடம்பு முழுவதும் காதாக இருப்பது.

ஒருநாள் அவள் ஆவுடையம்மாளிடம் சொல்லிப் பார்த்தாள்.

“மதினி, களைப்பா இருக்கு.”

“களைக்காம? வேலை பாத்தா களைக்கத்தான் செய்யும்.”

“நான் எங்க வேலை பாக்கேன்? உக்காந்துதான இருக்கேன்.”

“அப்ப எதுக்குட்டி களைக்கணும்?” என்று கேட்டுவிட்டு ஆவுடையம்மாள் பானையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டாள். அவளுக்கு எப்போதும் அடுத்த வேலை ஒன்று இருந்தது.

மழைக்காலம் போய் மார்கழி பிறந்தது. தெருக்கோடியில் ஆள் உயரத்துக்கு ஓர் ஆஞ்சநேயர் நிற்கிறார். பயம் வந்தவர்கள் சுற்றிவருகிற சாமி. வெற்றிலை மாலைக்கு மேல் ஒன்றும் பார்த்தறியாதவர். அந்த வருஷம் அவருக்குத் தலை முதல் கால் வரை வெண்ணெய்க்காப்பு சாத்துவது என்று தெரு முடிவு செய்தது. அதாவது ஆவுடையம்மாள் முடிவு செய்தாள், தெரு தலையாட்டியது. பக்கத்துத் தெருக்காரர்களுக்குச் சொல்லியாயிற்று, ஒலிபெருக்கிக்காரனுக்குச் சொல்லியாயிற்று, தங்கச்சிமார் வீடுகளுக்குப் போனில் சொல்லியாயிற்று. காப்புக்கு முந்தின நாள் விடிந்ததும் எல்லா வீட்டுத் தயிரும் பூமயில் வீட்டுக்கு வந்துவிட்டது. வராந்தாவில் இடம் போதாமல் பானைகள் கூடத்துக்கு வந்தன, கூடத்தில் இடம் போதாமல் அடுப்பங்கரைக்குப் போயின, நடுவில் பூமயில் உட்காருவதற்கு ஒரு பலகை மட்டும் போட்டு வைத்திருந்தார்கள்.

அன்றைக்குத்தான் அது நின்றுபோயிருந்தது.

எதனால் வந்தது என்று தெரியாதது போலவே எதனால் போயிற்று என்றும் தெரியவில்லை. காலையில் எழுந்து முகம் கழுவ வாளிக்கு முன்னால் குனிந்தவள், தண்ணீருக்குள் ஒரு பெண் இருப்பதைப் பார்த்தாள். கண்ணுக்குக் கீழே கறுத்து, கன்னம் இறங்கி, அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது தான்தான் என்று தெரிய அவளுக்குக் கொஞ்சம் நேரமாயிற்று. காபி போட்டாள், ஒரு சொட்டுச் சிந்தாமல் குடித்தாள். பின்வாசற்படியில் உட்கார்ந்தாள். முருங்கை மரத்தில் ஒரு காக்கை சிறகைக் கோதிக்கொண்டிருந்தது. அது கோதி முடிக்கிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு காக்கையை முழுதாகப் பார்த்து எத்தனை காலம் ஆயிற்று என்று நினைத்தாள். அவளுக்கு அழுகை வந்தது, அழவும் களைப்பாக இருந்ததால் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

ஆவுடையம்மாள் வந்து கூப்பிட்டாள். பூமயில் எழுந்து வந்து பலகையில் உட்கார்ந்தாள். பானைகளில் தயிர் அசையாமல் கிடந்தது.

“என்னட்டி இது?”

“இன்னைக்கு நின்னுருக்கு மதினி. சும்மா இருக்கு.”

“சும்மா இருக்கா? நல்ல நாள் பாத்தா சும்மா இருக்கும்? எதையாவது நெனச்சுக்கோ.”

“எதை நெனைக்க?”

“நீ எப்பவும் நெனைக்கிறதத்தான்.”

“நான் நெனச்சு வாறதில்ல மதினி. அது வந்த பெறகுதான் நான் நெனைப்பேன்.”

இதற்குள் தெருப்பெண்கள் ஒவ்வொருவராக வந்து கூடத்தில் நெருக்கியடித்து நின்றார்கள். தங்களால் ஆனதைச் செய்து பார்த்தார்கள். ஒருத்தி, சிலிண்டர் வாடை அடிக்கிறதே என்றாள். பூமயில் மோந்து பார்த்துவிட்டு இல்லையே என்றாள். ஒருத்தி, மலைப்பக்கம் கறுத்துவருகிறது, அண்ணன் வண்டி வருகிற பாதையில் மரம் விழாமல் இருக்க வேண்டும் என்றாள். மழை பெய்தால் குடிதண்ணீருக்கு ஆயிற்று என்றாள் பூமயில். புது வைரஸ் ஒன்று வந்திருப்பதாக டிவியில் காட்டுகிறான் என்று ஒருத்தி சொன்னாள். வயிற்றுப்புண் புற்றாகிச் செத்துப்போன தன் சித்தியின் கதையை முதலிலிருந்து ஒருத்தி சொன்னாள். கதை கேட்டவர்கள் வயிற்றைத் தடவிக்கொண்டார்கள், பூமயில் மட்டும் “பாவம்” என்று சொல்லிக் கொட்டாவி விட்டாள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. ஏறுகிற வெயிலில் தயிர் புளிக்கத் தொடங்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். மத்து எடுத்துக் கடையலாம் என்று ஒருத்தி மெதுவாகச் சொன்னாள். மத்து யார் வீட்டிலும் எங்கே கிடக்கிறது என்று தெரியவில்லை.

பொய் சொல்ல வேண்டும் என்று ஆவுடையம்மாள் எழுந்திருக்கவில்லை. வாசல்வரை போனாள், திரும்பி வந்தாள், எல்லோர் முகமும் தன்னையே பார்ப்பதைப் பார்த்தாள், வாய் தானாகத் திறந்தது.

“ஏ பூமயிலு, உங்கிட்ட எப்படிச் சொல்லுததுன்னு தெரியாம நிக்கேன். மதிவதனி காலேசு பஸ்ஸு கவுந்துட்டாம்.”

ஆவுடையம்மாள் கையில் போன் இல்லை, யாரும் வந்து அவளிடம் எதுவும் சொல்லவில்லை, அது அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும். ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. எல்லோரும் பானைகளைப் பார்த்தார்கள்.

தயிர் ஆடவில்லை. முன்பாவது தெருவில் ஆள் நடந்தால் மேலே ஒரு சுருக்கம் விழுந்து மறையும். இப்போது அதுவும் இல்லாமல் எல்லாப் பானைகளும் கல் மாதிரி உறைந்து நின்றன. பூமயில் எழுந்தாள். கூந்தலை அள்ளி முடிந்தாள். மகளுக்குப் போன் போட்டாள், அணைத்து வைத்திருப்பதாகச் சொன்னது. மறுபடி போட்டாள். பிறகு அலமாரியைத் திறந்து ஆதார் அட்டையை எடுத்தாள், மகளுக்கு மாற்று நைட்டி எடுத்தாள், இரண்டு துண்டு, ஒரு பழைய வேட்டி, தண்ணீர் பாட்டில், எல்லாவற்றையும் பைக்குள் ஒழுங்காக அடுக்கினாள். “அவுக போன் எடுக்க மாட்டாவ, வண்டியில இருப்பாவ. வந்ததும் கோயம்புத்தூருக்கு வரச் சொல்லுங்க. அடுப்புல பால் இருக்கு, பாத்துக்கிடுங்க” என்று சொன்னாள். குரல் சீராக இருந்தது. பானைகளுக்கு நடுவே ஒன்றிலும் சேலை படாமல் கால் வைத்து நடந்து, செருப்பை மாட்டிக்கொண்டு, பஸ் ஸ்டாப்பைப் பார்த்துப் போனாள்.

ஆவுடையம்மாள் பின்னாலேயே ஓடினாள். செருப்புப் போடவில்லை. பெற்ற பிள்ளைக்கு ஒப்பான பிள்ளையின் பெயரைச் சொல்லி, நல்ல நாளில், வாயால் அப்படி ஒரு சொல்லைச் சொல்லிவிட்டோமே, சொன்ன சொல் அங்கே போய்ப் பலித்துவிட்டால் என்ற ஒரு நினைப்பு வந்து அவளைப் பிடித்தது. வளையல்கள் ஒன்றோடொன்று மோதிக் கிணுகிணுவென்று சத்தம் போட்டன. ஓடுவதால் என்று நினைத்து நின்றாள். நின்ற பிறகும் சத்தம் நிற்கவில்லை.

பஸ் ஸ்டாப் பக்கத்துப் பெட்டிக்கடையில் சோடா பாட்டில்கள் தடதடவென்று அடித்துக்கொண்டன. கடைக்காரர் பழகின மனுஷர், தலையைத் தூக்காமலே, “என்ன பூமயிலக்கா, வெளியூர்ப் பயணமா?” என்றார். பதில் வராமல் நிமிர்ந்து பார்த்தால் பூமயில் தூரத்தில் நிழற்குடைக்குள் அசையாமல் நின்றுகொண்டிருந்தாள். கடைக்கு முன்னால் நின்றவள் ஆவுடையம்மாள். கடைக்காரர் மேல்தட்டுப் பாட்டில்களை இறக்கிக் கீழே வைத்தார்.

தென்காசி வண்டி தூரத்தில் திரும்பிற்று; அங்கே இறங்கித்தான் கோயம்புத்தூருக்கு வண்டி மாற வேண்டும். ஆவுடையம்மாள் நிழற்குடைக்குள் போய்ப் பூமயிலின் பையைப் பிடித்தாள்.

“போகாதட்டி.”

“வண்டி வருது மதினி. விடுங்க.”

“பஸ்ஸு கவுழல. நான் பொய் சொன்னேன்.”

பூமயில் அவளைப் பார்த்தாள். கோபம் வரவில்லை. எது பொய் என்றுதான் அவளுக்குத் தெரியவில்லை. கவிழ்ந்தது என்றது பொய்யா, என்னை நிறுத்துவதற்காகக் கவிழவில்லை என்று இப்போது சொல்லுவது பொய்யா? மகள் போன் அணைந்துதானே கிடக்கிறது? வண்டி வந்து நின்றது. டிரைவர், “ஏறுதீங்களா இல்லியா?” என்றார். பூமயில் ஒரு காலைப் படியில் வைத்தாள். அப்போது போன் அடித்தது.

“என்னம்மா இத்தனை தடவை கூப்பிட்டிருக்க? வார்டுல இருந்தேன். உள்ள போன் கொண்டு போகக் கூடாதுல்ல?”

பூமயில் படியிலிருந்து காலை எடுத்தாள். வண்டி போய்விட்டது.

“சாப்பிட்டியா?”

“சாப்பிட்டேன். என்ன விஷயம், சொல்லு.”

ஒண்ணுமில்ல என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். எப்போதும் அதைத்தான் சொல்லுவாள். சொல்லுவதற்குத் தெம்பில்லை.

“எனக்கு ரொம்ப நாளாவே ஒரு படபடப்பு இருக்குட்டி. காரணமே இல்லாம வரும். பக்கத்துல இருக்கிறதெல்லாம் ஆடும். நீ ஊருக்கு வந்தும் ரொம்ப மாசம் ஆச்சு, போன்ல உங்கிட்ட இதைச் சொன்னதில்ல.”

“எனக்கும் வரும்மா” என்றாள் மதிவதனி. “இங்க எங்க ரூம்ல என் டம்ளரைத் துண்டுக்குள்ள சுத்தித்தான் வைப்பேன். இல்லேன்னா சத்தம் போட்டு மத்த பிள்ளைகளை எழுப்பிரும். உனக்குத் தெரிஞ்சா கவலைப்படுவேன்னு சொல்லல.”

பூமயில் சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்தாள். அப்புறம்தான் அது வந்தது, முன்னெப்போதும் வராத அளவுக்கு. நிழற்குடையின் தகரக்கூரை படபடத்தது, மேலே கிடந்த காய்ந்த இலைகளும் குப்பையும் மழைமாதிரி உதிர்ந்தன, பெஞ்சு அதிர்ந்தது, அவள் பற்கள் ஒன்றோடொன்று அடித்துக்கொண்டன. ஆவுடையம்மாள் பக்கத்தில் உட்கார்ந்தாள். யாருடைய நடுக்கம் எது என்று பிரிக்க முடியவில்லை.

“என்னைய நாலு அடி அடிச்சிரு” என்றாள் ஆவுடையம்மாள்.

பூமயில் மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். “நீங்க சொன்னதும் எனக்கு ஒண்ணுமே வரல மதினி. கை காலெல்லாம் நின்னுட்டு. இதுக்குத்தான இத்தனை நாளும் காத்துக்கிடந்தோம், வந்துட்டு, இனி என்ன செய்யணுமோ செய்வோம்னு இருந்துது. பையெல்லாம் நான்தான் எடுத்து வச்சேன், பாத்தீங்கல்லா? நடந்துட்டா தாங்கிக்கிடுவேன் போல. நடக்காததத்தான் தாங்க முடியல.”

ஆவுடையம்மாள் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மடியில் அவை இரண்டும் தனித்தனியாக ஆடிக்கொண்டிருந்தன. “இதை எப்படிட்டி நிறுத்துதது?”

“தெரியல. நிறுத்தப் போனா கூடும்.”

“பின்ன நீ என்னதான் செய்வ?”

“இருப்பேன்.”

புருஷன் போன பிறகு ஆவுடையம்மாள் உட்கார்ந்ததே இல்லை. உட்கார்ந்தால் என்ன வரும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. இப்போது அது வந்து பக்கத்தில் உட்கார்ந்துவிட்டது. எழுந்து ஓட வேண்டும் போல இருந்தது. பூமயில் அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டதால் ஓடவில்லை. கடைக்காரர் இரண்டு சோடாவை உடைத்துக் கொண்டுவந்து வைத்தார். நுரை அடங்கக் காத்திருந்தார்கள். அது அடங்கவில்லை, அப்படியே குடித்தார்கள்.

வெயில் சாயத் தொடங்கின பிறகு இரண்டு பேரும் மெதுவாகத் தெருவுக்குத் திரும்பினார்கள். பூமயில் வீட்டு வாசலில் செருப்புகள் போட்டது போட்டபடி கிடந்தன. உள்ளே ஒருத்தியும் வீட்டுக்குப் போகவில்லை. அவரவர் பானைக்கு முன்னால் அவரவர் உட்கார்ந்திருந்தார்கள். நாமும் கேட்டுக்கொண்டுதானே நின்றோம், ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் போயிருக்க மாட்டாளே, அந்தப் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டால் அது நம் வாயாலும்தானே என்று, போனவள் வருகிறாளா என்று, பிறகு தங்கள் தங்கள் பிள்ளைகள், புருஷன்மார், வராத போன், ஆறாத புண், என்றெல்லாம் காலையிலிருந்து நினைத்து நினைத்து உட்கார்ந்திருந்தவர்களின் முன்னால், ஒவ்வொரு பானையிலும் வெண்ணெய் திரண்டு மேலே வந்து முட்டிக்கொண்டு நின்றது. எந்தப் பானை யாருடையது என்று இனிமேல் கேட்கத் தேவையில்லை; ஒவ்வொன்றும் அதன் சொந்தக்காரியின் தாளத்தில் ஆடிக்கொண்டிருந்தது.

“பிள்ளை நல்லா இருக்கா” என்றாள் பூமயில்.

ஒருத்தி அழுதாள். மன்னிப்பு யாரும் கேட்கவில்லை, அந்தத் தெருவில் அப்படி ஒரு வழக்கம் கிடையாது. ஒருத்தி எழுந்துபோய் அடுப்பிலிருந்த பாலைச் சூடுபண்ணிக் கொண்டுவந்து கொடுத்தாள். பூமயில் குடித்துவிட்டு, “எல்லாத்தையும் எடுத்துட்டுப் போங்க. நாளையிலேர்ந்து யாரும் இங்க பானை கொண்டு வராதீங்க. நான் படுக்கணும்” என்றாள். இத்தனை காலத்தில் அவள் அந்தத் தெருவிடம் கேட்ட முதல் காரியம் அது. பெண்கள் பானைகளைத் தூக்கிக்கொண்டு போனார்கள். கடைசியாகப் போனவள் வாசல் கதவைக் காற்று வருகிற மாதிரி திறந்துவைத்துவிட்டுப் போனாள்.

மறுநாள் ஆஞ்சநேயர் தலை முதல் கால் வரை வெள்ளையாக நின்றார். பக்கத்துத் தெருக்காரர்கள் வந்து பார்த்து வாயைப் பிளந்தார்கள். பூமயில் போகவில்லை. ஆவுடையம்மாளும் முதல் ஆளாய் நிற்கவில்லை.

அதற்குப் பிறகு பால் சொசைட்டித் தெருவில் எந்த வீட்டில் தண்ணீர் எப்போது ஆடும் என்று சொல்ல முடியாமல் போயிற்று. முதலில் எல்லோரும் மறைத்தார்கள். அடுப்பங்கரைக் கதவைச் சாத்திக்கொண்டார்கள், பாத்திரங்களுக்கு அடியில் துணி மடித்து வைத்தார்கள், ரயில் போகிறது என்றார்கள். நாள் போகப் போக மறைப்பதும் களைப்பாகிவிட்டது. பக்கத்து வீட்டில் தட்டு அதிர்கிற சத்தம் கேட்டால் ஒருத்தி போவாள். ஏன் என்று கேட்க மாட்டாள், கவலைப்படாதே என்று சொல்ல மாட்டாள். கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வருவாள். அதனால் நடுக்கம் போய்விட்டது என்று சொல்ல முடியாது. சில நாள் சீக்கிரம் அடங்கியது, சில நாள் அடங்கவில்லை. வெண்ணெய்க்கு மறுபடி மத்து வாங்கினார்கள்.

சித்திரை விடுமுறைக்கு மதிவதனி வந்தாள். ஒரு மத்தியானம், வெயில் தெருவைக் காய்ச்சிக்கொண்டிருந்தபோது, தாய்க்கும் மகளுக்கும் சேர்ந்தாற்போல வந்தது. ஈரத்துணியால் துடைத்த சிமென்ட் தரையில் இரண்டு பேரும் பக்கம் பக்கமாகப் படுத்துக்கொண்டார்கள். எதிர்வீட்டிலிருந்து ஆவுடையம்மாள் வந்து, சேலைத் தலைப்பை மடித்துத் தலைக்கு வைத்துக்கொண்டு மறுபக்கம் படுத்தாள். தரை லேசாக முனகிக்கொண்டிருந்தது. மதிவதனி பாதித் தூக்கத்தில் இருந்தாள்.

கோமதிநாயகம் காலை டூட்டி முடிந்து வந்தான். வாசலில் நின்று மூவரையும் பார்த்தான். சாப்பாடு எடுத்து வைக்கச் சொல்லிக் கூப்பிடப் போகிறான் என்று நினைத்துப் பூமயில் எழுந்திருக்கப் பார்த்தாள். அவன் வேண்டாம் என்று கையைக் காட்டினான். காக்கிச் சட்டையின் மேல் பொத்தானைக் கழற்ற முயன்று, அது விரலுக்கு அகப்படாமல் நழுவிக்கொண்டே இருக்க, அப்படியே விட்டுவிட்டான்.

“எனக்கும் கை ஆடும்ளா” என்றான். “ஸ்டியரிங்கப் பிடிச்சுக்கிட்டா வண்டி ஆட்டத்துல தெரியாது. எறங்குனாத்தான் தெரியும்.”

“எம்புட்டு நாளா?”

“அது இருக்கும் ரொம்ப வருஷமா.”

பூமயில் மகளை லேசாக இந்தப் பக்கம் நகர்த்தி, தானும் நகர்ந்து, சுவரோரம் அவனுக்கு இடம் விட்டாள்.